சட்டம் மட்டும் காக்குமா?

1995ஆம் ஆண்டிலே நம் நாட்டின் பொது விவாகச் சட்டம் மண வயதை 18 ஆக உயர்த்தியது. அதே ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையும் திருத்தப்பட்டு, 16 வயதுக்குட்பட்ட பெண்ணின் சம்மதம் சம்மதமாகாதென விதிக்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், நீதிமன்றத்திலே சட்டம் வாய்திறப்பது கேடு நேர்ந்த பின்னரேயாம்.

இங்கிலாந்து அரசு 1999இல் பத்தாண்டுத் திட்டமொன்றை வகுத்தது. பாடசாலையிலே பாலியற் கல்வி, இரகசியம் காக்கும் ஆலோசனை நிலையங்கள், தாயான சிறுமிக்கு மீண்டும் கல்வி என்பன அதன் அங்கங்கள். 15 முதல் 17 வயதுப் பெண்களுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47 ஆக 1998இலிருந்த கருத்தரிப்பு, 2018இல் 17க்கும் கீழே இறங்கிற்று. குறித்த 2010இல் இலக்கு எட்டப்படவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. விதைத்த மறுநாளே அரிவாளுடன் வயலுக்குப் போகும் கமக்காரன் உண்டோ?

எமது கிராமங்களிலே குடும்பநல உத்தியோகத்தர் வீடுதோறும் செல்கின்றார். ஆனால் அவரது பணி பெரிதும் மணமானோரைச் சுற்றியே அமைந்துள்ளது. பாடசாலையிலோ, இனப்பெருக்கப் பாடம் வந்ததும் ஆசிரியர் நாணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றார். அறிவு புகட்டினால் ஒழுக்கம் கெடுமென்று கூறுவோரே, அறியாமையால் இடறிய பிள்ளையைப் பாடசாலையினின்று விலக்கவும் முந்துகின்றனர்! கல்வி அமைச்சு அப்பாடத்தைத் தவறாது கற்பிக்கச் செய்க. தாயான மாணவியை மீண்டும் வகுப்பிலே அமர்த்துக.