நோட்பேடுக்குள் ஒரு நாட்குறிப்பு

கணனி உள்ள வீடுகளில் எவரும் அவ்வளவாக மதிக்காத ஒன்று நோட்பேட். 1985இல் விண்டோஸின் முதற் பதிப்போடு வந்தது. இன்றும் கூடவே வருகிறது. தொலைபேசி இலக்கம், கடைச் சாமான் பட்டியல் என்று எதையாவது குறித்து வைப்பதற்கே அதைத் திறக்கிறோம்.

வீட்டில் சீனி வருத்தமுள்ள உம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சோதித்த அளவை ஒரு துண்டில் எழுதி வைப்பார்கள். கிளினிக் போகும் நாளில் அத்துண்டு கிடைக்காது. கிடைத்தாலும் திகதி இராது. "இது எப்போது பார்த்தது?" என்று டாக்டர் கேட்டால் உம்மா மகளைப் பார்ப்பார், மகள் உம்மாவைப் பார்ப்பார். திகதியில்லாத கணக்கை வைத்து அவர் மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

நோட்பேடில் புதிய கோப்பொன்றைத் திறந்து, முதல் வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அதையொட்டி எல், ஓ, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களையும் அடியுங்கள். மூன்றும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், இடைவெளி கூடாது. சேமித்து மூடிவிடுங்கள். அதன்பின் அக்கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கடைசி வரிக்குக் கீழே அன்றைய திகதியும் நேரமும் தாமாகவே விழும். அளவை மட்டும் அடித்துச் சேமித்தால் போதும். கணனியின் கடிகாரம் சரியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்பேட் அதைத்தான் நம்புகிறது. கோப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் எஃப்5 விசையை அழுத்துங்கள், திகதி வந்துவிடும்.

யூனிகோட் தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பழைய நோட்பேட் வழமையாக 'ஆன்சி' முறையில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. எச்சரிக்கை வரும்தான். அதை வாசியாமல் 'ஓகே' கொடுத்தால் மறுநாள் திறக்கும்போது வரிவரியாகக் கேள்விக்குறிகளே இருக்கும். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து 'யூடிஎஃப்-8' வழமையாகிவிட்டது. அதற்கு முந்திய கணனி என்றால், சேமிக்கும் பெட்டியின் கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் அதை நீங்களே தெரிவு செய்ய வேண்டும்.

2018க்குப் பிந்திய பதிப்புகளில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸின் சில்லை உருட்டினால் எழுத்து பெரிதாகும். வயதானவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் இது திரைக்கு மட்டுந்தான்; டாக்டரிடம் காட்ட அச்சிடும்போதும் பெரிதாக வேண்டுமென்றால் எழுத்துருவின் அளவையே மாற்ற வேண்டும்.