ஆண்டு சொல்லாத கத்திகள்

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குச் செல்கிறவர்கள், நீராடி முடித்து ஈரத் துண்டோடு சாலைக்கு வந்ததும், அங்கே மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவித்து வைத்து அமர்ந்திருக்கும் பெண்களிடம் பழம் வாங்காமல் திரும்புவது அபூர்வம். சென்ற ஆடியில் நானும் நண்பர் ஒருவரும் அவ்வாறு நின்றபோது, அறுபதைக் கடந்த ஓர் அம்மாள், மங்குஸ்தானின் இடுப்பில் கத்தியை வைத்து, தோலின் கனத்துக்கு மேல் ஒரு நூலளவும் இறங்க விடாமல் ஒரே சுற்றாகச் சுற்றி, மேலோட்டை மூடிபோல் எடுத்துவிட்டு, உள்ளிருந்த வெண்சுளைகளில் ஒரு கீறலும் விழாமல் எங்களிடம் நீட்டினார். எனக்குப் பழத்தைவிட அந்தக் கத்தியின்மேல்தான் கண் சென்றது. மாட்டுக் கொம்பில் பிடி, பிடியின் தலைப்பில் பித்தளைப் பூண், தீட்டித் தீட்டிப் பாதியாய்க் குறுகிப்போன மடக்கலகு.

என் நண்பர் நெடுங்காலம் கப்பலில் உத்தியோகம் பார்த்தவர். துறைமுகந்தோறும் பழைய பேனாக்கத்திகளைத் தேடி வாங்கியவர். அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஓர் அமெரிக்கக் கத்தியை எடுத்து விரித்து, அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை என்னிடம் காட்டினார். அங்கே மூன்று வரியில் பொடி எழுத்து. அதன் கீழே ஏழு புள்ளிகள். "1973" என்றார், எண்ணி முடிக்கும் முன்பே.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்ஃபோர்டு நகரில் கத்தி செய்யும் கேஸ் நிறுவனத்தார், 1940 முதல் 1964 வரை தங்கள் அலகுகளில் 'கேஸ் எக்ஸ்.எக்ஸ்.' என்று மட்டும் பொறித்தனர். 1965 முதல் 1969 வரை அதனோடு 'யு.எஸ்.ஏ.' என்பதைச் சேர்த்தனர். 1970இல் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று மாற்றி, அதன் கீழே பத்துப் புள்ளிகளை இட்டு, பின்னர் ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து வந்தனர். 1980இல் எழுத்தின் வடிவைச் சற்றே மாற்றி, மறுபடியும் பத்திலிருந்து தொடங்கினர். அலகில் உள்ள எண்ணுக்கும் பொருளுண்டு: 6318 என்றால், முதல் இலக்கமாகிய 6 எலும்புப் பிடியையும், அடுத்த 3 மூன்று அலகுகளையும், எஞ்சிய 18 கத்தியின் அச்சுருவத்தையும் குறிக்கும். பிற தேசத்துக் கத்திகளுக்கும் ஓர் எல்லைக்கல் உண்டு. 1890இல் அமெரிக்கர் இயற்றிய சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் சரக்குகளில் அவை பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டுமென்று விதித்தமையால், 'ஜெர்மனி' என்ற பெயரோடு அங்கே கிடைக்கும் பழங்கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே. முத்திரையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரு கத்தியின் அலகைக் கழற்றி வேறொன்றில் பொருத்தி விற்கும் வஞ்சகர் எங்கும் இருப்பதனால், எல்லா அலகுகளிலும் உள்ள பொறிப்பு ஒத்திருக்கிறதா, பிடியும் ஆணியும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மான்கொம்புப் பிடியைப் பற்றி நண்பர் சொன்ன செய்தி என்னைத் திகைக்க வைத்தது: ஷெஃபீல்டிலும் அமெரிக்காவிலும் செய்த அத்தகைய கத்திகள் பலவற்றுக்குக் கொம்பு சென்றது நம் தேசத்து மிளாவிடமிருந்துதானாம். நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே உள்ள மலைக்காட்டில் இன்றும் உலவும் அதே மிளா!

அந்த அம்மாளின் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த நண்பர், எழுத்தோ புள்ளியோ அகப்படாமையால் உதட்டைப் பிதுக்கினார்.

"அதுல எழுத்து ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி" என்றார் அந்த அம்மாள். "எங்க மாமனாரு பட்டறையில சொல்லிச் செஞ்சது. எம்சியாரைச் சுட்டாங்கள்லா, அந்தப் பொங்கலுக்கு வாங்கியாந்ததுன்னு எங்க அத்தை சொல்லுவாவ."

எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12ஆம் நாள். பொங்கலுக்கு இரண்டே நாள் இருந்தது. நண்பரின் ஏழு புள்ளிகள் ஆண்டை மாத்திரம் சொல்லின. ஒரு மாமியார் மருமகளுக்குச் சொல்லிவைத்த வாக்கியம் வாரத்தையே சொல்லிவிட்டது. ஆனால் அமெரிக்கக் கத்தியின் சாட்சி எஃகில் இருக்கிறது; நம் கத்தியின் சாட்சியோ ஒரு மனிதரின் ஞாபகத்தில் இருக்கிறது. அவருக்குப் பின் அந்தக் கத்தி வெறும் இரும்பு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவரின் தராசில் அதற்கு எடையுண்டே தவிர வயதில்லை. இதை நாம் இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்பதே என் கேள்வி.

மடக்குக்கத்தி நமக்கு அந்நிய வஸ்துவும் அன்று. பேனாக்கத்தி என்ற பெயரே, இறகுப் பேனாவைச் சீவ வெள்ளைக்காரர் வைத்திருந்த சிறுகத்தியைக் குறித்து வந்தது. அவர்கள் இறகைச் சீவியதுபோல நம்மவர் ஓலையை வாரி நறுக்கினார்கள். உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி என்று எழுத்தாணியின் வகைகளைப் பிரித்துக் கூறுகிறார். அவற்றுள் மடக்கெழுத்தாணி பிடிக்குள்ளே மடங்கிக்கொள்வது. ஐந்தருவிக்குச் சிறிது தொலைவிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை ஏதோ ஓர் எழுத்தாணியால்தான் ஓலையில் கீறியிருக்க வேண்டும். ஓலைகளை நகல் செய்தவர்கள் பலர், ஏட்டின் முடிவில் ஆண்டும் மாதமும் நாளும் குறித்தார்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே ஆண்டுப்பெயர் திரும்பி வருவதனால் உண்டாகும் குழப்பத்தைத் தீர்க்க, நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். கொல்லம் 1142 என்று கண்டால், ஆவணியிலிருந்து மார்கழியின் நடு வரையில் 824ஐயும் அதன்பின் 825ஐயும் கூட்டி, நமக்குத் தெரிந்த ஆண்டை அறிந்துகொள்ளலாம். ஏட்டுக்கு இத்தனை பாதுகாப்புச் செய்தவர்கள், ஏட்டை எழுதிய இரும்புக்கு ஓர் எண்ணைக் கூடப் பெரும்பாலும் இடவில்லை.

இரும்பு தானாக வயதைச் சொல்லுவதில்லை என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே பெரிய திருஷ்டாந்தம் உண்டு. சிவகளை அகழாய்வில் இரும்பின் தொன்மை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குச் செல்கிறது என்று 2025இல் அரசு வெளியிட்ட முடிவு, இரும்பைச் சுரண்டிக் கண்டதன்று. அதனோடு புதைந்திருந்த கரியையும் பானையோட்டையும் பரிசோதித்துக் கண்டது. அருகிலிருந்த பொருளே இரும்புக்குச் சாட்சி. நம் வீட்டு அரிவாளுக்கும் பாக்குவெட்டிக்கும் அத்தகைய சாட்சிகள் உண்டு: பிடியிலே படிந்த கறை, பூணின் உலோகம், ஆணியின் வகை, லாரிப் பட்டையை அடித்துச் செய்ததா என்பது. லாரிப் பட்டையில் செய்த அரிவாள் லாரி வந்தபின் பிறந்தது என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை. ஆகையினால், தாத்தாவின் கத்தியைக் கண்டெடுத்தவுடன் உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்க்கும் பிள்ளைகளை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: துருவை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், அதற்குமேல் அதைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் தேர்ந்த சேகரிப்பாளர்கள் மெருகேற்றிய கத்தியின் மதிப்பைக் குறைத்துவிடுகிறார்கள். காரணம் அழகன்று, முத்திரையும் அலகின் இயல்பான நிறமும் அழிந்தால் காலநிர்ணயத்துக்கு இடமில்லாமல் போகிறது.

இனி நம் பட்டறைகளுக்கு வருகிறேன். கத்தியில் பெயர் பொறிக்கும் வழக்கத்தைக் கடல் கடந்து சென்று கற்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த குடத்திலும் தாம்பாளத்திலும் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டப்படாத தமிழ் வீடு உண்டா? ஒரு தவலையின் விளிம்பைத் திருப்பினால், எந்தப் பாட்டி எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள் என்பது தெரிந்துவிடுகிறது. பித்தளைக்குச் செய்யும் அந்த மரியாதையை இரும்புக்கும் செய்யக் கூடாதா? அலகு தண்ணீரில் தோய்ந்து கடினப்படுமுன் கொல்லர் ஓர் எழுத்தும் ஆண்டும் தட்டினால், அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. தென்காசி தனி மாவட்டமாகி 2019 முதல் ஆண்டுகள் பல கடந்துவிட்டன. பட்டறைக்குப் பட்டறை சென்று, கொல்லர் பெயரையும் அவர் செய்யும் கருவிகளின் லட்சணத்தையும் எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டை மாவட்ட நூலகமோ பாளையங்கோட்டை அருங்காட்சியகமோ தொடங்குவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. ஒரு நோட்டும், பொறுமையுள்ள ஒரு மனிதரும் போதும்.

நாங்கள் இவ்வளவு பேசியதைக் கேட்ட அந்த அம்மாளின் மகன், மறுநாட் காலையில் கத்தியோடு தென்காசிக்கு வந்தார். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் அலகை நகத்தால் சுண்டிப் பார்த்து, "இதுல உளி ஏறாது, பூண்ல போடுதேன்" என்று சொல்லி, முழங்காலுக்கிடையில் கத்தியை இடுக்கிக்கொண்டு, அந்த மாமனாரின் தலைப்பெழுத்தையும் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும், இடம் போதாமையால் மறுபக்கத்தில் 1967 என்ற எண்ணையும் புள்ளி புள்ளியாக அடித்தார். மத்தியானத்துக்குள் கத்தி ஐந்தருவிக்குத் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாதலால் அன்று பழக்கடையில் கூட்டம்.