கூரை உள்ளவனுக்கே சூரியனா?

சூரியன் எல்லோருக்கும் பொது. ஆலை முதலாளியின் மாளிகை மேலும் காய்கிறது. ஆலைத் தொழிலாளியின் லைன் வீட்டு மேலும் காய்கிறது. நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணின் முதுகின் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாகவே காய்கிறது. ஆனால், அந்தச் சூரியனிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக மத்திய சர்க்கார் அள்ளிக் கொடுக்கும் பணம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. அது யாருக்குப் போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024 பிப்ரவரியில் ‘பிரதமரின் சூரிய வீடு’ என்ற இலவச மின்சாரத் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 1 கோடி வீடுகளின் கூரை மேல் சோலார் பலகை, மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்று பறைசாற்றினார்கள். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000.

இதைப் பெற முதல் தகுதி என்ன? சொந்த வீடு இருக்க வேண்டும். பலகை பொருத்தத் தகுந்த கூரை அதற்கு இருக்க வேண்டும். இந்த ஒரே நிபந்தனையில் நம் மக்கள் எத்தனை பேர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள் என்று பாருங்கள்! கோவையிலும் திருப்பூரிலும் வாடகை அறையில் இருக்கும் ஆலைத் தொழிலாளிக்குச் சொந்தக் கூரை ஏது? தஞ்சையிலும் நாகையிலும் பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளியின் கீற்றுக் கூரை பலகையைத் தாங்குமா? காரை பெயர்ந்து கம்பி தெரியும் தொகுப்பு வீட்டில்தான் அதைப் பொருத்த முடியுமா?

கூரை இருந்தாலும் போதாது. சர்க்கார் மானியத்துக்கு அடிப்படையாக வைத்த விலைப்படி 3 கிலோவாட் அமைப்புக்கு 1,45,000 ரூபாய் ஆகிறது. மானியம் போக 67,000 ரூபாயைக் குடும்பம் கட்ட வேண்டும். மானியமும் பலகை ஏறி, மீட்டர் ஓடிய பிறகுதான் பாங்குக் கணக்குக்கு வரும். “கடன் தருகிறோமே!” என்கிறார்கள். நாள் கூலியில் அடுப்பு எரிப்பவன் எந்தத் தைரியத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவான்? கூலி இல்லாத மாதத்திலும் தவணை நிற்காதே!

இனி லைன் வீட்டின் கதை. ஒரு வரிசையில் பத்து வீடு. மின்வாரிய இணைப்பு ஒன்று அல்லது இரண்டு. வீட்டுக்காரர் உள் மீட்டர் வைத்து, வாரியத்தின் விகிதத்தைவிட அதிகமாக யூனிட்டுக்கு விலை வைத்து வசூலிக்கிறார். 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டு. அந்த இலவசம்கூட இப்படிப்பட்ட வீடுகளில் குடியிருப்பவனுக்கு வந்து சேருவதில்லை. நாளை அதே வீட்டுக்காரர் மானியம் வாங்கி மொட்டை மாடியில் பலகை போட்டால் என்ன ஆகும்? கரண்ட் அவருக்கு ஏறக்குறைய சும்மா கிடைக்கும். குடியிருப்பவனோ பழைய விலையையே கொடுப்பான். கொடுக்கும் மானியம் யாருடையது? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் அவன் கட்டும் வரிப் பணமும் அதில் இருக்கிறது. அவன் பணத்தில் பலகை வாங்கி, அவன் தலைக்கு மேலேயே மாட்டி, அவனிடமே காசு பிடுங்குவதா?

ஆலைக் கூரையின் கதை இன்னொன்று. ஆலை முதலாளி சோலார் பலகையில் முதல் போட்டால், ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள விதி இருக்கிறது. 2017 வரை இது 80 சதவீதமாக இருந்தது. வரியும் குறைகிறது, மின் கட்டணமும் குறைகிறது. ஆனால் போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தால், “கரண்ட் விலை ஏறிப்போச்சு, கட்டுப்படியாகவில்லை” என்ற பழைய பல்லவிதான்!

இதில் மின்வாரியத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். பகலில் பலகை தரும் மிச்ச மின்சாரம் கம்பி வழியே வாரியத்துக்குப் போகிறது. இரவில் அதே கம்பி வழியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. நெட் மீட்டர் இரண்டையும் கழித்து மிச்சத்துக்கு மட்டும் கணக்குக் கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், மழையில் கம்பம் ஏறும் தொழிலாளியின் சம்பளம் ஆகிய செலவு எதுவும் குறையவில்லை. அதிகம் எரித்து அதிக விகிதம் கட்டி வந்த வசதி படைத்தவர்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டால், அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? பலகை போட முடியாத ஏழையின் தலையில் அது விழக்கூடாது.

இதற்கெல்லாம் மேலே, ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகச் சேரும் கிலோவாட்டைக் கணக்குப் பார்த்து மின் விநியோக நிறுவனங்களுக்கு மத்திய சர்க்கார் ஊக்கத்தொகை வேறு கொடுக்கிறது. கிலோவாட்டை எண்ணுகிறார்கள், விளக்கு எரியும் ஏழைக் குடும்பத்தை எண்ணவில்லை. எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமென்றால் அதிகாரி எங்கே போவார்? மாடி வீட்டுக்குத்தான் போவார்!

“அப்படியானால் சோலாரே வேண்டாம் என்கிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். அப்படி நாம் சொல்லவில்லை. கரிப் புகையைச் சுவாசித்து இருமுகிறவனும், மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடக்கிறவனும் நம் மக்கள்தான். சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும். மற்றவர்களைவிட நமக்கே அதிகம் வேண்டும். கூரைக்குக் கொடுக்கும் மானியத்தைக் குடும்பத்துக்குக் கொடு என்பதுதான் நமது வாதம்.

வழி இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் பலகை போட்டு, அதன் மின்சாரத்தை வேறிடத்தில் குடியிருக்கும் பல குடும்பங்களின் பில்லில் கழிக்கலாம். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு 2019-இலேயே வழிகாட்டு விதி வகுத்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. சேரிக்கும் காலனிக்கும் வர வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன் கிடங்கு, நெல் கொள்முதல் கிடங்கு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று எத்தனை சர்க்கார் கூரைகள் வெயிலில் சும்மா காய்கின்றன! மின்வாரியமே அங்கே பலகை போடட்டும். அந்த ஊரில் வாடகைக்கு இருப்பவனுக்கும் குடிசைவாசிக்கும் அதில் பங்கு எழுதட்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை:

மானியம் வாங்கும் லைன் வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மின் இணைப்பு கொடு! வாரிய விகிதத்துக்கு மேல் ஒரு காசும் வசூலிக்கக் கூடாது!

கூரை இல்லாத குடும்பத்துக்குப் பொதுக் கூரையில் பங்கு கொடு!

வரிச் சலுகை பெறும் ஆலைகள், மின் கட்டணத்தில் மிச்சமான கணக்கைப் போனஸ் பேச்சுவார்த்தையில் மேஜை மேல் வைக்க வேண்டும்!

வாரியத்துக்கு ஏற்படும் வருமானக் குறைவைச் சர்க்கார் ஈடு கட்ட வேண்டும். ஏழையின் கட்டணத்தில் ஏற்றக் கூடாது!

தோழர்களே! தெருத் தெருவாக, லைன் லைனாகக் கணக்கெடுங்கள். எத்தனை குடும்பத்துக்குத் தனி மீட்டர் இல்லை, யூனிட்டுக்கு என்ன விலை பிடுங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கோடு மின்வாரிய அலுவலகத்துக்கு ஒன்றாகத் திரண்டு போவோம். சூரியனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்க எந்தச் சர்க்காருக்கும் உரிமை இல்லை!