பலகைக்கு ஏற்ற காலம்
மாதிரி ரயில் பாதை போட உட்காரும் அமெரிக்கர்களில் பலர் யோசிக்காமலே 1950-களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேராசைதான் காரணம். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸின் எஃப்டி டீசல் எஞ்சின் நாடு முழுக்க வெள்ளோட்டம் போனது. 1960-ல் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில் கம்பெனி நீராவிக்கு விடைகொடுத்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நீராவி எஞ்சினும் டீசலும் ஒரே தண்டவாளத்தில் ஓடின. இரண்டும் வேண்டுமென்றால் வேறு காலத்துக்கு எங்கே போவது? நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எனக்குக் கணக்கு வேறு: நீளம். ஹெச்ஓ என்னும் மாதிரி அளவில் எல்லாமே 87-ல் ஒரு பங்கு. அன்றைய 40 அடி சரக்குப் பெட்டி ஐந்தரை அங்குலமாகிவிடும். இன்று கார்களை ஏற்றிச் செல்லும் 89 அடி வேகனோ ஓரடியைத் தாண்டும். நாலுக்கு எட்டு அடி ப்ளைவுட்டில் 22 அங்குல ஆரத்துக்கு மேல் வளைத்துத் திருப்ப இடம் கிடைக்காது. அந்த வளைவில் நீள வேகனின் வயிறு உள்பக்கம் பிதுங்கிக்கொண்டு நிற்கும், பார்க்கச் சகிக்காது. 1941-ல் வந்த பிக் பாய் நீராவி எஞ்சின்மேல் பித்துப் பிடித்தவர்களிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு 132 அடிக்கும் மேல் நீண்ட ராட்சசன் அது. பலகையில் ஒன்றரை அடி. ஆள் நுழையாத கிளைப் பாதை, ஒரு ஜிபி7 டீசல், நாலு சரக்குப் பெட்டி, வால்பக்கம் கபூஸ் என்னும் சிவப்பு கார்டு பெட்டி. இவ்வளவு போதும் எனக்கு. ஸ்டேஷன் வாசலில் 1957 செவர்லே கார் நிற்கிறதே, உன் பலகையில் ஆண்டு 1952 அல்லவா என்று கேட்கும் நண்பர்களை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.