நிலத்துக்கு மானியம், உளி பிடித்தவனுக்கு?

வரவு செலவுத் திட்டத்தில் ரப்பருக்குப் பணம் என்ற செய்தி வந்த மறுநாள் காலைப் பெரட்டில் தொழிலாளர் நம்மைச் சூழ்ந்துகொள்கிறார்கள். "கிராணி ஐயா, நமக்கும் வருமா?" என்று கேட்கிறார்கள். வராது என்று சொல்லும் வாய் நம்முடையதாக இருக்கிறது. ஏன் வராது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்!

மலாயாவில் 1952-ஆம் ஆண்டு மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியான ஒவ்வொரு பவுண்டு ரப்பருக்கும் நாலரைக் காசு வரி பிடித்து, கிழட்டு மரத்தைச் சாய்த்துப் புதுக்கன்று நட்டவர்களுக்கு அப்பணத்தைத் திருப்பினார்கள். சிறுதோட்டக்காரருக்கு 1953-இல் ஏக்கருக்கு 400 வெள்ளி. பிறகு தொகை உயர்ந்தது. பெருந்தோட்டங்களுக்கு, அவை கட்டிய வரி மறுநடவுக் கணக்கில் திரும்பிற்று. திட்டத்தை நாம் குறை கூறவில்லை. அது இல்லாவிடில் தொழிலே படுத்திருக்கும்.

ஆனால் மரம் சாய்ந்தால் நிரையும் போயிற்று. புதுக்கன்று பால் தர ஆறேழு வருடம். அதுவரை வெட்டுக்காரன் புல் வெட்டினான், மருந்தடித்தான், அல்லது மூட்டை கட்டினான். வரி பிடித்த ஒவ்வொரு பவுண்டும் அவன் மங்கில் வடிந்த பால்தான். அந்நாளில் அவன் கூலியும் ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. ஆயினும் மானியக் கணக்கில் ஏக்கர் உண்டு, பட்டா உண்டு. வெட்டியவன் பெயருக்குக் கட்டம் இல்லை. (செக்ரோலோடு பிழைப்பவர்கள் நாம், இல்லாத கட்டம்தான் முதலில் நம் கண்ணில் படும்.)

1973-இல் ரிஸ்டா வந்தது. 2015-இல் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை வந்தது. கட்டிப்பால் விலை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், குறைந்த காசை அரசாங்கம் ஈடுகட்டும். அந்த அளவு 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிலோவுக்கு 2 வெள்ளி 70 காசிலிருந்து 3 வெள்ளியாக உயர்ந்தது. இதுவும் சிறுதோட்டக்காரருக்கே. நூறு ஏக்கரைத் தாண்டினால் அது எஸ்டேட். எஸ்டேட்டில் சம்பளத்துக்கு வெட்டுகிறவனுக்கு இதில் இடமில்லை. மூன்று ஏக்கரோடு மழையில் மல்லாடும் சிறுதோட்டக்காரர் வாங்குவதில் நமக்குப் பொறாமை இல்லை. அவரும் நம்மைப்போல் காண்டா தூக்கியவர்தான்.

நம் மனத்தை உறுத்துவது வேறு. எஸ்டேட்டை விட்டு வெளியேறி, பிறர் தோட்டத்தில் பாதிப் பங்குக்கு வெட்டும் நம்மவர் இருக்கிறார்கள். இத்திட்டத்தில் பங்குக்கு வெட்டுகிறவருக்கும் வழி உண்டு. ரப்பர் வாரியம் வழங்கும் விற்பனை அனுமதி அட்டை அவர் பெயரில் இருக்க வேண்டும். அட்டை சொந்தக்காரர் பெயரில் மட்டும் இருந்தால், பணமும் அவர் வங்கிக்கணக்குக்கே போகிறது. நமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் பல வருடமாக வெட்டுகிறார். அப்படியொரு பணம் உண்டென்பதே அவர் காதுக்கு எட்டவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? அட்டையை நாம் எடுத்துச் சொன்னோமா?

சங்கம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ஒன்று: மறுநடவுக்குப் பொதுப்பணம் போகும் இடத்திலெல்லாம், நிரை இழந்தவனின் பழைய சம்பளத்தைக் காக்கும் விதி வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அட்டைக்குக் காலம் பிடிக்காது. பங்குக்கு வெட்டும் தோழர்கள் சொந்தக்காரரிடம் பக்குவமாகப் பேசிவிட்டு, அடையாளக் கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளைக்கு வாருங்கள். பால் விற்ற ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். படிவத்தை நாம் நிரப்பித் தருகிறோம்.