எழுபது ஆண்டும் இரண்டு ஆண்டும்

தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து மக்கள் வெளியேறும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். வாக்குத்தத்தம் என்பது தேவன் தம் மக்களுக்குத் தரும் உறுதிமொழி; அவ்வுறுதிமொழிகளுள் ஒன்றைப் புத்தாண்டுக்கென்று தெரிந்தெடுத்து அச்சிட்ட அந்தச் சிறு தாள், வேதாகமத்தின் பக்கங்களுக்கிடையிலோ கைப்பேசி உறைக்குள்ளோ அடுத்த டிசம்பர் வரை பத்திரமாக இருக்கும். அட்டையில் குற்றமில்லை. அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஓர் எண்ணமே கண்டிக்கத்தக்கது: உறுதியாக விசுவாசிப்பவருக்குத் தேர்ச்சியும் வேலையும் சுகமும் திருமணமும் அந்த ஆண்டுக்குள் கைகூடும் என்பதும், கைகூடாவிட்டால் விசுவாசத்தில் குறை இருக்கவேண்டும் அல்லது அறிக்கையிடாத பாவம் ஒன்று ஒளிந்திருக்கவேண்டும் என்பதும் அவ்வெண்ணம். அது பொய்யானது, அதைவிட, இளம் உள்ளங்களுக்குக் கொடுமையானது.

குரோம்பேட்டைக்குக் கிழக்கே விரிந்து, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த அஸ்தினாபுரம் போன்ற புறநகர்களில் இக்கொடுமையை அருகிலிருந்தே காணலாம். வீட்டுக்கடன் தவணையையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஒரே சம்பளத்தில் சமாளிக்கும் குடும்பங்கள் நிறைந்த இப்பகுதியில், ஒரு பிள்ளையின் தேர்வு முடிவு வீடு முழுவதற்குமான தீர்ப்பாகவே வந்து விழுகிறது. வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் வரும்போது, அதாவது தேவன் தமக்குச் செய்ததைப் பிறர் முன் எடுத்துரைக்கும் நேரம் வரும்போது, வேலை கிடைத்தவரும் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவரும் எழுந்து பேசுகிறார்கள். நீட் தேர்வை மூன்றாம் முறையாக எழுதித் தவறியவளும், அரியர் தாள்கள் தீராததால் வளாக நேர்காணலில் உட்காரவே முடியாதவனும் கைதட்டுகிறார்கள். கூட்டம் கலையும்போது யாரோ ஒருவர் அன்போடு தோளில் கைவைத்து, இன்னும் விசுவாசமாய் ஜெபிக்கச் சொல்கிறார். சொல்பவர் அதை ஆறுதலாகவே சொல்கிறார், கேட்பவர் காதிலோ அது குற்றச்சாட்டாகவே விழுகிறது. மாதக்கணக்கில் உறக்கம் கெட்டு மனச்சோர்வில் அமிழ்ந்திருக்கும் ஒருவரிடம், மனநல மருத்துவரை நாடுவது அவிசுவாசம் என்று சொல்லப்படும்போது அச்சொல் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் எரேமியா 29:11, தேவனுடைய நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம். அது தனித்து நிற்கும் வாக்கு அன்று, கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்திய வசனமே, எழுபது ஆண்டு நிறைவேறிய பின்னரே மீட்பு வரும் என்று கூறுகிறது. இருபது வயதில் சிறைப்பட்டவன் ஒருவன் அக்கணக்கைக் கேட்டபோது, தன் கண்ணால் எருசலேமை இனிக் காணப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கு இடப்பட்ட கட்டளையும் அதற்கேற்றதே: வீடு கட்டவும், தோட்டம் நடவும், மணம் முடிக்கவும், தன்னைச் சிறைபிடித்த நகரத்தின் நன்மைக்காகவே ஜெபிக்கவும் கடிதம் பணிக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு வரியை மட்டும் கத்தரித்து, அதில் இல்லாத கெடுவை அதன்மேல் ஏற்றுவது வேதவாசிப்பு ஆகாது.

முந்திய அதிகாரத்தை வாசித்தால் இன்னும் உறைக்கும். அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, சிறைப்பட்டவர்கள் எல்லாரும் இரண்டே ஆண்டில் திரும்பிவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயரால் அறிவிக்கிறான். எரேமியா முதலில் சொல்வது ஆமென்; அப்படி நடந்தால் அவரைவிட மகிழ்பவர் இருக்க முடியாது. ஆயினும் மக்கள் படப்போகும் அடிமைத்தனத்தின் அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் சுமந்திருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்துப் போட்டபின், கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்றும், அவன் மக்களைப் பொய்யை நம்பச் செய்தான் என்றும் தீர்ப்பு வருகிறது. இந்த ஆண்டே, இந்த மாதமே என்று நாள் குறித்து இளைஞருக்கு வெற்றியை வாக்களிக்கும் பிரசங்கம் எரேமியாவின் வசனத்தை உச்சரிக்கிறது, ஆனால் பேசுவது அனனியாவின் செய்தியை.

துன்பத்துக்குக் காரணம் துன்பப்படுபவரின் பாவமே என்ற வாதத்தை யோபுவின் நண்பர்கள் பக்கம் பக்கமாக எடுத்து வைத்து, முடிவில் தேவனாலேயே கடிந்துகொள்ளப்பட்டார்கள். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமு நோயுற்றபோது, அப்போஸ்தலனாகிய பவுல் அவனை மிலேத்துவில் விட்டுவிட்டே போக நேர்ந்தது. கேட்பவருக்குக் கொடுக்கப்படும் என்று இயேசு சொல்லியிருக்கிறாரே என்பர். சொல்லியிருக்கிறார்தான். கேட்டது கிடைத்தவர்கள் நன்றி சொல்வதையும் யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்னவரே சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனேயில் துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டினார், பாத்திரம் நீங்கவில்லை; அங்கே எவருடைய விசுவாசம் குறைவுபட்டது என்று, கைகூடாமைக்கு விசுவாசக் குறையே காரணம் என்போர் விளக்கட்டும்.

விசுவாசம் என்ற தமிழ்ச் சொல் இன்று கிட்டத்தட்ட எதிர்பார்ப்பு என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. அதற்குப் பின்னுள்ள எபிரெயச் சொல்லான 'எமூனா' அசையாமை, நிலைபெறுதல் என்ற பொருள் தருவது. யாத்திராகமம் 17-இல் அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மலையுச்சியில் உயர்த்திய மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை உறுதியாய் இருந்தன என்று கூறும் இடத்தில் வருவதும் இச்சொல்லே. அந்த உறுதி மோசேயின் தோள்வலியால் வந்ததன்று. கைகள் கனத்துத் தாழ்ந்தபோது ஒரு கல்லை இழுத்துப்போட்டு அவரை அதில் உட்காரவைத்து, ஆரோன் ஒருபுறமும் ஊர் என்பவன் மறுபுறமும் நின்று தாங்கினார்கள். கை தாழ்ந்ததற்காக மோசேயைக் கடிந்துகொண்டவர் அம்மலையில் எவருமில்லை.

அப்படித் தாங்கிய கைகளை அஸ்தினாபுரத்துக்கு அருகிலேயே காட்டலாம். டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்ற தமிழ்க் கிறிஸ்தவ மருத்துவர் 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். சானடோரியம் என்பது நோயாளிகள் நெடுநாள் தங்கி நல்ல காற்றும் உணவும் ஓய்வும் பெறும் மருத்துவமனை. காசநோயை அடக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டது 1943-இல்தான். எனவே அங்கே படுத்திருந்தவர்களுக்கு இத்தனை நாளில் குணமாகும் என்று எவராலும் உறுதி கூற இயலவில்லை. கூறாமலேயே அவர்களுக்குக் கட்டில் தரப்பட்டது. 1937-இல் அரசின் கைக்கு மாறிய அந்த மருத்துவமனையே 1990-களில், எச்.ஐ.வி. தொற்றியவர்களைத் தொடவும் பிறர் அஞ்சிய காலத்தில், அவர்களைச் சேர்த்துக்கொண்டது. மின்ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கும் சானடோரியம் என்ற சொல்லை நாள்தோறும் கடந்து கல்லூரிக்குச் செல்லும் கிறிஸ்தவ இளைஞருக்கு, இந்த வரலாறு வாலிபர் கூட்டத்தில் சொல்லப்பட வேண்டும். அதே கூட்டத்தில், தேறாதவளுக்கும் வேலை கிடைக்காதவனுக்கும், மருத்துவர் எழுதிய மாத்திரையை இரவுதோறும் விழுங்கிவிட்டு ஜெபிப்பவருக்கும் சாட்சி சொல்லும் முறை வரவேண்டும். முடியாத கதையை அவர்கள் முடியாத கதையாகவே சொல்லிவிட்டு உட்காரட்டும், சபை அதற்கும் ஆமென் சொல்லட்டும்.