பலகாரத்துக்கு முன்னால் நாய்க்கு ஏற்பாடு!

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சீட்டுப் பணம், ஜவுளி, அதிரசத்துக்குப் பச்சரிசி என்று கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறோம். நாய் வளர்க்கும் சகோதரிகள் அந்தக் கணக்கில் நாயையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. "நாய்க்கு என்ன, புதுத்துணியா எடுக்கணும்?" என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. திருடனுக்கும் பயப்படாது, பாம்புக்கும் பயப்படாது. ஆனால் வெடிச் சத்தம் கேட்டால் வாலைக் காலுக்கிடையில் சொருகிக் கொண்டு, எச்சில் ஒழுக நடுங்கும். "எருமை மாதிரி வளர்ந்துட்டு என்ன பயம்?" என்று அதட்டுவேன். 2016 தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். காலைச் சுற்றுகிறதே என்று முதல்நாள் இரவே கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டி விட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு, நாங்கள் எண்ணெய் தேய்த்துக் கொண்டிருக்கும்போதே, பின்சந்தில் ஆயிரம்வாலா வைத்தார்கள். சத்தம் அடங்கிப் போய்ப் பார்த்தால், அறுந்த கழுத்துப்பட்டை மட்டும் சங்கிலியில் தொங்கியது. ரயில்வே லைன் வரை, பதினைந்து நாள் தேடினோம். ஜிம்மி வரவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, பையனின் பிடிவாதத்தால் மணி வந்தது. அதுவும் முதல் சரவெடிக்கே பீரோ சந்தில் போய் ஒண்டிக் கொண்டது. இந்தத் தடவை அதட்டாமல் கால்நடை மருத்துவரிடம் போனேன்.

"மனுஷங்க காதுக்கு இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரைதாம்மா கேட்கும். நாய்க்கு நாற்பதாயிரத்துக்கு மேலேயும் கேட்கும். அதோட, திரியைப் பத்த வைக்கிறது நமக்குத் தெரியும், காதைப் பொத்திக்கறோம். அதுக்கு எங்கேயிருந்து எப்ப வெடிக்கும்னே தெரியாதே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஜிம்மி கோழையாக இருந்ததில்லை. நான்தான் ஓட வழியில்லாத இடத்தில் அதைக் கட்டிப் போட்டேன்.

அவர் சொல்லித் தந்த வைத்தியம் ரொம்ப எளிது, பொறுமைதான் வேண்டும். செல்போனில் பட்டாசுச் சத்தத்தைப் பதிவு செய்து, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் ஐந்து பத்து நிமிஷம், காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் நாய்க்கு உயிரான தீனி. மணிக்கு வேக வைத்த ஈரல். காதை லேசாகத் தூக்கிப் பார்த்து விட்டுத் தின்று கொண்டே இருந்தால் சரி, சில நாள் கழித்து ஒரு துளி கூட்டலாம். தின்பதை நிறுத்தி விட்டால் நாம் அவசரப்பட்டு விட்டோம் என்று அர்த்தம். உடனே குறைத்து விட வேண்டும். எதிர்வீட்டுத் தோழி இதைக் கேட்டு விட்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முழுச் சத்தத்தில் வைத்தாள். பாவம், அவள் நாய் செல்போனைக் கண்டாலே ஓடுகிறது!

இதனால் பயம் அடியோடு போய் விடும் என்று நான் சொல்ல மாட்டேன். செல்போனில் அதிர்வும் இல்லை, புகையும் இல்லை. அதனால் அன்றைய நாளுக்கு ஓர் அறை தேவை. எங்கள் வீட்டில் மாமியாரின் அறைதான் நடுவில் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தி, திரையைப் போட்டு, மின்விசிறியை வேகமாக வைத்து, டி.வி.யையும் ஓட விடுவோம். கட்டிலுக்கு அடியில் நான் கட்டிக் கழித்த புடவை ஒன்று. தட்டில் பலகாரம் வைத்துக் கொண்டு யாராவது வாசல் கதவைத் திறக்கும்போதுதான் நாய்கள் பாய்ந்து ஓடுமாம், ஆகவே அறைக் கதவும் சாத்தியே இருக்கும். பழுதில்லாத கழுத்துப்பட்டையில் நம் போன் நம்பர் கட்டாயம். சங்கிலி கூடவே கூடாது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்த பிறகு, நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்தார்கள். எங்கள் தெருவில் யார் கடிகாரம் பார்த்தார்கள்! அதனால் விடியற்காலை மூன்றரைக்கே மணியைக் கயிற்றில் பிடித்து வெளியே கூட்டிப் போய் வந்து விடுவேன்.

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். அது தப்பு என்றார் டாக்டர். மடியில் வந்து ஒண்டினால் அணைத்துக் கொள்ளலாம். ஒளிந்திருந்தால் மட்டும் வெளியே இழுக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர், "ஒரு தூக்க மாத்திரையைக் கொடுத்துட்டா முடிஞ்சுதே" என்றார். சில மருந்துகள் உடம்பை மட்டும் துவள வைக்குமாம், உள்ளே பயம் அப்படியே இருக்குமாம். பயத்தையே குறைக்கிற மாத்திரைகளும் உண்டு, ஆனால் எடை பார்த்து மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அதையும் கடைசி நாள் போய்க் கேட்காதீர்கள். இன்னொன்று, நம் வீட்டுக் குட்டிகள் பாசத்தில் ஊட்டுகிற சாக்லேட்டும், கேசரியில் போடும் திராட்சையும் நாய்க்கு விஷம்.

"அப்ப பட்டாசே வெடிக்கக் கூடாதுங்கறியா?" என்று நாத்தனார் கேட்டாள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளுமே என்று ஊரே பல வருஷங்களாக வெடிப்பதில்லை. நம் பிள்ளைகளிடம் அவ்வளவு கேட்க எனக்கு மனசு வரவில்லை. மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் போதும் என்று என் பையனிடம் சொன்னேன், கேட்டுக் கொண்டான். தெரு நாயின் வாலில் சரத்தைக் கட்டுகிற பிள்ளைகளை மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கண்டியுங்கள். அது விளையாட்டில்லை, சட்டப்படி குற்றம். அன்று மட்டும் கேட்டைத் திறந்து வைத்தால், மாடிப்படிக்குக் கீழே இரண்டு ஜீவன்கள் ஒதுங்கிக் கொள்ளும்.

என் மாமியார் நாயை நடை தாண்டி உள்ளே விடாதவர். "நாயை வீட்டுக்குள்ள விட்டா விளங்குமா?" என்று முதல் வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார். போன தீபாவளியன்று காபி கொடுக்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தார். அவர் பாதத்தின் மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தது மணி. "கதவைச் சாத்தும்மா" என்றார் மெதுவாக. "எனக்கும் இந்தச் சத்தம் ஆகாது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இத்தனை வருஷமா யார்கிட்ட சொல்றது?"

- ஒரு மதுரை வாசகி